இருட்டறையும் ஒரு வளைகோடும்

புகைப்படத்தின் வரலாறு பெரும்பாலும் கண்ணின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. யார் எதைப் பார்த்தார்கள், எந்தக் கணத்தில் பார்த்தார்கள், எங்கே நின்று பார்த்தார்கள் என்று விமர்சகர்கள் பேசுகிறார்கள். லென்ஸைப் பற்றியும் கேமிராவைப் பற்றியும் தேவைப்பட்டால் இரண்டு வார்த்தை சொல்வார்கள். கேமிராவை மூடியபின் வேலைக்கு வருகிற டாங்கு, தட்டு, தெர்மாமீட்டர், சிவப்பு விளக்கு, என்லார்ஜர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் ஆகியவை கையேடுகளுக்குரிய சமாசாரங்கள் என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. அச்சு யந்திரம் பற்றி ஒன்றும் தெரியாமலே கவிதையைப் பற்றி எழுதிவிடலாம். இருட்டறை பற்றி ஒன்றும் தெரியாமல் புகைப்படத்தைப் பற்றி எழுத முடியாது என்பது என் அபிப்பிராயம். புகைப்படம் கலையா என்ற பழைய கேள்விக்கு ஒருமுறை உண்மையாகவே இருட்டறைச் சாமான்களை வைத்துத்தான் பதில் சொல்லப்பட்டது. ஐம்பது வருஷம் கழித்து அதே சாமான்களை வைத்து நேரெதிரான பதில் சொல்லப்பட்டது. இரண்டு பதில்களுக்கும் ஆதாரம் ஒரே வளைகோடு.

படம் எடுப்பதும் படம் வெளிவருவதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 1839-ல் அறிவிக்கப்பட்ட தாகேரின் வெள்ளித் தகட்டில் பாதரச ஆவி பட்ட பிறகுதான் உருவம் எழுந்தது. இங்கிலாந்தில் டால்பட் 1840-ல், சிறிது நேரமே வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாதிருக்கிற காகிதத்தில் ரசாயனத்தால் உருவத்தை எழுப்பலாம் என்று கண்டார். மறைந்திருக்கும் பிம்பம் என்று இதைச் சொல்கிறோம். டால்பட்டின் காகிதத்தில் வந்தது நெகடிவ். அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். வெள்ளி உப்பின் மிச்சத்தைக் கரைத்துப் படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போவின் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டு எழுதியிருந்தார். ஆக வெளிச்சம், எழுப்புதல், நிறுத்துதல், பிரதி எடுத்தல் என்ற நான்கு படிகள் அமைந்தன. நான்கில் ஒன்றே ஒன்றுதான் கேமிராவுக்குள் நடக்கிறது.

1851-ல் ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டார். பூச்சு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் எழுப்பியாக வேண்டும். எனவே புகைப்படக்காரன் போகிற இடமெல்லாம் இருட்டறையும் கூடவே போயிற்று. ரோஜர் ஃபென்டன் 1855-ல் கிரீமியப் போருக்குப் போனபோது, ஒரு ஒயின் வியாபாரியின் வண்டியை வாங்கி இருட்டறையாக மாற்றிக்கொண்டு போனார். ஜூலியா மார்கரெட் கேமரூன் தம் வீட்டு நிலக்கரிக் கிடங்கை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு அவருக்கு ஸ்டூடியோ ஆயிற்று. (அவர் 1879-ல் இலங்கையில் காலமானார்.) வீட்டு இருட்டறை என்று நாம் பின்னாளில் சொல்லும் விஷயத்துக்கு அந்த நிலக்கரிக் கிடங்கை முன்னோடியாகச் சொல்லலாம்.

நம் பக்கத்திலும் ஒரு உதாரணம் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857-58-ல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றியபோது பெரும்பாலும் மெழுகு ஏற்றிய காகித நெகடிவையே பயன்படுத்தினார். நம் ஊர் வெயிலில் கொலோடியன் நிமிஷத்தில் காய்ந்துவிடும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். உடைகிற பயமும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகடிவ்களில் எடுத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டினார். காகித நெகடிவில் வானம் வெறும் வெளுப்பாக வரும். டிரைப் நெகடிவின்மேல் வர்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். நாம் சரித்திர ஆவணம் என்று பார்க்கிற அந்தப் படங்கள் சிலவற்றின் மேகங்கள் தஞ்சாவூர் வானத்தில் இருந்தவையல்ல, கையால் போடப்பட்டவை. ஆவணம் என்ற சொல்லை உபயோகிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1871-ல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் ஜெலட்டின் பூச்சை முன்வைத்தார். 1870-களின் இறுதிக்குள் அது போதிய வேகம் பெற்றது. உலர்ந்த தட்டைத் தொழிற்சாலையில் செய்து பெட்டியில் விற்க முடிந்தது. எடுத்த படத்தை இன்று கழுவலாம், அடுத்த மாதமும் கழுவலாம். ஈரம் காய்வதற்குள் என்ற நிர்ப்பந்தம் போனது. நிர்ப்பந்தம் போனதும் வேலையைப் பிரித்து வேறொருவரிடம் கொடுப்பது சாத்தியமாயிற்று. ஜார்ஜ் ஈஸ்ட்மனின் 1888-ம் வருஷத்துக் கோடக் கேமிரா இந்தச் சாத்தியத்தின் வியாபார வடிவம். விலை 25 டாலர், உள்ளே 100 படங்களுக்கான பிலிம். முடிந்ததும் கேமிராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்குக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதுப் பிலிம் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது விளம்பரம். அந்த ‘மற்றது’ என்ற ஒரு சொல்லுக்குள் இருட்டறை முழுவதும் அடங்கிப்போயிற்று. நம் ஊரிலும் டெவலப் செய்வதைக் ‘கழுவுவது’ என்றே சொல்லிவந்தோம். துணி வெளுப்பதுபோல, கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்கிற காரியம் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இரண்டே வருஷம் கழித்து வேறொரு திசையிலிருந்து இன்னொரு அடி விழுந்தது. இங்கிலாந்தில் விட்னெஸ் என்ற ரசாயன ஆலை ஊரில் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஃபெர்டினண்ட் ஹர்ட்டர் ஸ்விட்ஜர்லாந்தில் பிறந்த ரசாயனி. வீரோ சார்ல்ஸ் டிரிஃபீல்ட் என்ஜினியர். டிரிஃபீல்டுக்குப் புகைப்படத்தில் ஆசை, ஹர்ட்டருக்கு அளப்பதில் ஆசை. மெழுகுவர்த்தியை ஒளியின் அளவாக வைத்து, சுழலும் சக்கரத்தால் தட்டுக்குப் படிப்படியாக வெளிச்சம் கொடுத்து, விளைந்த கருமையைத் தாங்களே செய்துகொண்ட போட்டோமீட்டரால் அளந்தார்கள். 1890-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் ஒரு வளைகோடு இருந்தது. கீழே வெளிச்சம், பக்கத்தில் கருமை. கோடு மெதுவாக எழும்பி, நடுவில் நேராக ஓடி, மேலே வளைந்து சாய்கிறது. தட்டில் விழுந்த வெளிச்சங்கள் எந்த விகிதத்தில் கருமையாகின்றன என்பதை வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது, டெவலப்பரில் அதிக நேரம் வைத்தால் மொத்தமாக மாறுபாடு கூடுமே தவிர ஒரு தொனிக்கும் மறு தொனிக்கும் உள்ள உறவைத் தனித்தனியே மாற்ற முடியாது என்பதே அவர்கள் கண்டது.

இதைப் படித்துக் கலங்கிப்போனவர் பீட்டர் ஹென்றி எமர்சன். அவர் மருத்துவர், நார்ஃபோக்கின் நீர்நிலைகளையும் அங்கே நாணல் அறுத்து மீன் பிடித்து வாழ்ந்த ஜனங்களையும் படம் எடுத்தவர். புகைப்படமும் ஒரு கலையே என்று 1889-ல் ஒரு புத்தகம் எழுதிச் சண்டைபோட்டவர். கண் காண்கிற உண்மைக்கு ஏற்ப, கழுவும்போது தொனிகளை ஒன்றுக்கொன்று இசைவிக்கக் கலைஞனுக்கு இடம் உண்டு என்பது அவருடைய நம்பிக்கைகளில் ஒன்று. அந்த இடம் இல்லை என்று வளைகோடு சொன்னது. வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. அடுத்த சில மாதங்களிலேயே, இயற்கைவாதப் புகைப்படம் செத்துவிட்டது என்று மரண அறிவிப்பைப்போல் கறுப்புக் கரை போட்ட ஒரு சிறு பிரசுரத்தை அவர் வெளியிட்டார். தம் புத்தகத்தின் 1899 பதிப்பில், புகைப்படம் கலையல்ல என்று ஒரு அத்தியாயமே சேர்த்தார். ஒரு கலைஞன் தன் கொள்கையை ஒரு வரைபடத்தின் முன்னால் கைவிடுவது அபூர்வம். எமர்சனைப் பரிகசித்தவர்கள் உண்டு. சாட்சியத்தின் முன் இவ்வளவு நேர்மையாக நின்றவர்கள் கலை விமர்சனத்தில் அதிகம் பேர் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1888-ல் வியாபாரம் ‘மற்றதை’ எடுத்துக்கொண்டது. 1890-ல் விஞ்ஞானம் அந்த ‘மற்றதில்’ மனிதனுக்குப் பெரிய வேலை இல்லை என்றது. இதற்கு அக்காலத்துக் கலைப் புகைப்படக்காரர்களின் எதிர்வினை ஓட்டம்தான். பிரான்சில் ரொபேர் தமாஷியைப் போன்றவர்கள் கோந்தும் பைக்ரோமேட்டும் வர்ணமும் கலந்து காகிதத்தில் பூசி, பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துப் படத்தை ஓவியமாக்கினார்கள். கை உள்ளே வந்தது உண்மை. ஆனால் ஓவியனின் கையாக வந்தது. புகைப்படக்காரனுக்கென்று ஒரு கை உண்டா என்ற கேள்வி அப்படியே நின்றது.

இதற்கிடையில் வீடுகளில் வேறொரு சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. லியோ பேக்லண்ட் 1893-ல் வெலாக்ஸ் காகிதத்தைக் கொண்டுவந்தார். பகல் வெளிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மங்கலான காஸ் விளக்கில் காகிதத்தைக் கையாளலாம், அதே விளக்கைத் தூண்டிவிட்டு பிரிண்ட் போடலாம். சமையலறை மேஜையில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரிண்ட் போடுவது அதோடு ஆரம்பித்தது. 1899-ல் அதை ஈஸ்ட்மன் வாங்கிக்கொண்டார். அந்தப் பணமும் ஓய்வும் பேக்லண்டை வேறு ஆராய்ச்சிக்குக் கொண்டுபோயின. 1907-ல் பேக்கலைட் பிறந்தது. பின்னாளில் வீட்டுப் புகைப்படக்காரர்கள் கையில் ஏந்திக் குலுக்கிய டெவலப்பிங் டாங்குகள் பலவும் அந்தப் பேக்கலைட்டால் ஆனவைதாம். இருட்டறையே இல்லாமல் சுருள் பிலிமைக் கழுவ கோடக் 1902-லேயே ஒரு சாதனம் விற்றது. ‘மற்றதை’ எடுத்துக்கொண்ட கம்பெனியே அதை வீட்டுக்குத் திருப்பியும் விற்றது. வியாபாரத்துக்கு இதில் முரண்பாடு கிடையாது.

டாங்கு வெறும் சௌகரியமாக மட்டும் வரவில்லை. பழைய தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கில் தட்டைத் தூக்கிப் பார்த்து, போதும், இன்னும் கொஞ்சம் என்று கண்ணால் முடிவு செய்யலாம். 1906-ல் எல்லா நிறமும் தெரிகிற பான்குரோமாடிக் தட்டுகளை ராட்டன் அண்டு வெய்ன்ரைட் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்தக் கண் குருடாயிற்று. முழு இருட்டில் எதைப் பார்ப்பது? பார்வையின் இடத்துக்குத் தெர்மாமீட்டரும் கடிகாரமும் வந்தன. இத்தனை டிகிரி, இத்தனை நிமிஷம், இத்தனை தடவை கவிழ்த்து ஆட்டு. எமர்சன் பயந்த யந்திர நியதி இப்போது ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஏறிவிட்டதுபோல் இருந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1939-40 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கலைப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் ஹர்ட்டர்-டிரிஃபீல்ட் வளைகோட்டையே எடுத்து, மாணவர்களுக்குப் புரியும்படி படிகளாக வெட்டினார்கள். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளைவரை எண்ணிட்ட தொனிகள். பெயர் ஜோன் சிஸ்டம். அதன் ஆதாரம் எளிது. நிழற்பகுதியின் கருமை டெவலப்பரில் சீக்கிரமே வந்து ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வெளிச்சப்பகுதியின் கருமையோ நேரம் ஆக ஆக வளர்ந்துகொண்டே போகிறது. ஆகவே நிழலை வைத்து வெளிச்சம் கொடுக்க வேண்டும், வெளிச்சப்பகுதியை வைத்துக் கழுவும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். தொனிகளின் உறவைத் தனித்தனியே மாற்ற முடியாது என்பது சரிதான். ஆனால் கோட்டின் சாய்வை மாற்றலாம். வாழ்க்கையின் வெளிச்சத்தில் எவ்வளவைக் காகிதம் தாங்கும் எல்லைக்குள் கொண்டுவருவது, ஒரு சுவரின் வெள்ளையை எந்த வெள்ளையாக வைப்பது என்பதைப் பொத்தானை அழுத்துமுன்பே மனசில் பார்த்துத் தீர்மானிக்கலாம். எமர்சனுக்கு வளைகோடு சிறைச்சுவர். ஆடம்ஸுக்கு அது சுருதி. சுருதி நிர்ணயமாக இருப்பதால் பாடகனுக்குச் சுதந்திரம் போய்விடுவதில்லை.

சங்கீத உவமை என்னுடைய அலங்காரம் அல்ல. ஆடம்ஸ் பியானோ கலைஞராகப் பயின்றவர். நெகடிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டு வந்தவர். என்லார்ஜரில் வெளிச்ச நேரத்தை மெட்ரோனோமின் தட்டல்களால் எண்ணியவர். அவருடைய பெரிய என்லார்ஜரில் ஒரே விளக்குக்குப் பதில் வரிசையாகப் பல விளக்குகள். ஒவ்வொன்றையும் தனியே ஏற்றி அணைக்கலாம். 1941-ல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்குமேல் நிலவு எழும் காட்சியை எடுத்தபோது மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் பிரகாசம் எவ்வளவு என்று தெரிந்திருந்ததால் அதைக்கொண்டே கணக்கிட்டார். கழுவும்போது டெவலப்பரிலும் வெறுந்தண்ணீரிலுமாக மாற்றி மாற்றி வைத்தார். முன்புறம் இன்னும் மெலிவாக இருந்ததால் 1948-ல் நெகடிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தால் கனமாக்கினார். அந்த ஒரு நெகடிவிலிருந்து வாழ்நாளில் 1,300-க்கும் அதிகமான பிரிண்டுகள் போட்டார். ஆரம்ப பிரிண்டுகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. எது அந்தப் படம்? 1941-ன் அந்தக் கணமா, பிந்திய வானமா? இந்தக் கேள்வி கண்ணின் வரலாற்றுக்குள் எழவே எழாது.

ஆனால் ஆடம்ஸின் முறைக்குப் பெரிய தனித்தனி பிலிம்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கழுவ வேண்டும். 1925-ல் லைப்ஸிக் சந்தையில் வந்த லைக்கா இதற்கு நேர்மாறானது. 24க்கு 36 மில்லிமீட்டர் நெகடிவ், 36 படங்கள் ஒரே சுருளில், எல்லாவற்றுக்கும் ஒரே கழுவல். அந்த அளவில் நெகடிவை நேராகக் காகிதத்தில் வைத்து பிரிண்ட் போட்டால் தபால்தலைக்குப் பக்கத்தில்தான் வரும். ஆகவே லைக்கா என்லார்ஜரைக் கட்டாயமாக்கியது. பெரிதாக்கினால் மணிமணியாகத் தெரியும் என்பதால் 1920-களின் பிற்பகுதியில் வந்த டி-76 போன்ற டெவலப்பர்கள் தேவைப்பட்டன. அதன் சேர்மானத்தை எந்த அமெச்சூரும் மனப்பாடமாகச் சொல்வான்: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சல்ஃபைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. சாய்வை மாற்றுகிற சுதந்திரம் நெகடிவிலிருந்து காகிதத்துக்கு இடம்பெயர்ந்தது. மென்மையிலிருந்து கடுமைவரை எண்ணிட்ட காகிதங்கள் வந்தன. 1940-ல் இல்ஃபோர்டின் மல்டிகிரேட், விளக்கின் நிறத்தை மாற்றினால் ஒரே காகிதத்தில் மாறுபாடு மாறும்படி செய்தது.

இந்த உபகரணப் பிரிவு ஒரு அழகியல் பிரிவாகவும் ஆயிற்று. எட்வர்ட் வெஸ்டன் 8க்கு 10 அங்குல நெகடிவைக் காகிதத்தோடு அழுத்தி, மேலே தொங்கும் ஒரு சாதாரண பல்பின் வெளிச்சத்தில் பிரிண்ட் போட்டார்; என்லார்ஜர் வேண்டியிருக்கவில்லை. படம் எடுப்பதற்கு முன்பே முழுமையாகப் பார்த்தாகிவிட வேண்டும் என்ற அவர் கொள்கைக்கும், வெட்டவோ பெரிதாக்கவோ இடந்தராத அந்த மேஜைக்கும் சம்பந்தம் இல்லையென்று சொல்ல முடியாது. ஹென்றி கார்த்தியே-ப்ரஸ்ஸோன் தம் படங்களைத் தாம் பிரிண்ட் போடுவதில் நாட்டமில்லாதவர். பாரிஸில் பியர் காஸ்மன் நடத்திய பரிசோதனைக்கூடம் அவருக்காக அதைச் செய்தது. தீர்மானகரமான கணம் என்ற பிரபலமான கருத்து எல்லாவற்றையும் அழுத்தலின் கணத்தில் வைக்கிறது; பிரிண்ட் போடாத கலைஞனுக்கு அது இயல்பான தத்துவம். யூஜின் ஸ்மித் மறு எல்லை. ஒரே பிரிண்டில் நாட்கணக்கில் உழல்வார்; ஃபெர்ரிசயனைடைத் தொட்டுத் தொட்டு வெளிச்சத்தைத் திறப்பார். 1954-ல் வெளியான ஆல்பர்ட் ஷ்வைட்சர் படத்தின் மூலையில் தெரியும் கையும் ரம்பப் பிடியும் வேறொரு நெகடிவிலிருந்து சேர்க்கப்பட்டவை. நிருபரின் உண்மைக்கு இது துரோகமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

பெரியவர்களின் சர்ச்சை இப்படியிருக்க, குளியலறையில் பலகை போட்டு மூன்று தட்டு வைத்தவனின் கவலைகள் சின்னவை. ஆனால் அவையும் இதே கவலைகள்தாம். சிவப்பு விளக்கு உண்மையில் பாதுகாப்பானதா என்று அறியக் காகிதத்தின்மேல் நாலணாக் காசை வைத்துச் சில நிமிஷம் விட்டுக் கழுவுவான். காசின் வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் விளக்கு துரோகம் செய்கிறது. கண்டென்ஸர் உள்ள என்லார்ஜரில் அதே நெகடிவ் கடுமையாகவும், ஒளியைப் பரப்புகிற என்லார்ஜரில் மென்மையாகவும் விழுகிறது. கண்டென்ஸர் ஒவ்வொரு கீறலையும் தூசியையும் அம்பலப்படுத்துகிறது. கலியே என்பவர் 1909-ல் அளந்து சொன்ன விளைவு இது. ஆக, கழுவும்போதே எந்த என்லார்ஜரில் போடப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தூண் ஆடினால் லென்ஸின் கூர்மை வீண். கேமிராவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு என்லார்ஜர் லென்ஸில் மிச்சம் பிடிப்பவன், நல்ல வித்வானை உடைந்த மைக்கின் முன்னால் உட்காரவைக்கிறான்.

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. கையேடுகளின் 20 டிகிரி ஐரோப்பிய அறையின் டிகிரி. சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும். ஜெலட்டின் ஊறிக் கொழகொழத்துவிடும். ஐஸ் கட்டியைப் பையில் கட்டித் தட்டைச் சுற்றி வைப்பது, டெவலப்பரில் சோடியம் சல்ஃபேட் சேர்ப்பது, பிலிமைப் படிகாரத்தில் இறுக்குவது என்று நம் இருட்டறைகளின் வேலை பாதி தண்ணீரோடுதான். 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உதகமண்டலத்தில் அமைந்ததற்கும் குளிரும் தூசியில்லாத காற்றும் காரணங்கள். மலைமேல் பூசப்பட்ட ‘இந்து’ காகிதம் சமவெளிக்கு இறங்கி வந்து வெந்நீரைச் சந்தித்தது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை.

வீட்டு இருட்டறைகளும் அநேகமாக இல்லை. கலர் பிலிமும் தெருமுனை லாபும் முதலில் கொண்டுபோனவை. மிச்சத்தை டிஜிட்டல் கொண்டுபோயிற்று. 2012-ல் கோடக்கே திவால் பாதுகாப்பு கேட்டது. ஆனால் வளைகோடு சாகவில்லை. கம்ப்யூட்டரில் படம் திருத்துபவர்கள் இழுத்து வளைக்கிற கோடு ஹர்ட்டர்-டிரிஃபீல்டின் வாரிசுதான். இன்றைய கைபேசி இன்னும் ஒரு படி போய், பல படங்களைச் சேர்த்து, முகத்துக்கு ஒரு சாய்வு, வானத்துக்கு ஒரு சாய்வு என்று இடத்துக்கு இடம் தொனியுறவுகளை மாற்றுகிறது. எமர்சன் 1889-ல் விரும்பியதும் 1890-ல் முடியாது என்று துக்கம் காத்ததும் இதைத்தான். அது இன்று நொடிக்குள் நடக்கிறது. ஆனால் எமர்சனுடைய கண்ணைக் கேட்டு நடக்கவில்லை. சராசரி ரசனை எது என்று கம்பெனி முன்கூட்டியே கணித்து வைத்திருப்பதைக் கேட்டு நடக்கிறது. பொத்தானை நீங்கள் அழுத்துங்கள் என்ற வாக்கியம் முழு வட்டம் சுற்றி வந்திருக்கிறது. இந்தத் தடவை ‘மற்றது’ என்று ஒன்று இருப்பதே அழுத்துபவனுக்குத் தெரிவதில்லை.

இரண்டு ‘மற்றது’களுக்கும் நடுவில் சுமார் நூறு வருஷம், சாதாரண சம்பளக்காரன் ஒருவன் தன் படத்தின் இரண்டாவது பாதியைத் தன் வீட்டிலேயே செய்ய முடிந்தது. அந்த நூறு வருஷத்தின் சாமான்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் இல்ஃபோர்ட் பெயரிலும் செக் நாட்டில் ஃபோமா பெயரிலும் காகிதமும் பிலிமும் இன்னும் வருகின்றன. வாங்குகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். பழைமை மோகம் என்று அவர்களைத் தள்ளிவிடுவது சுலபம். தன் படத்தில் சுவரின் வெள்ளை எந்த வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவுசெய்ய ஒருவன் விரும்பினால், அவன் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாலும் சரி, தெர்மாமீட்டரைத் தண்ணீரில் வைத்துக் காத்திருந்தாலும் சரி, எமர்சன் விட்டுப்போன விவாதத்தைத்தான் தொடர்கிறான்.